ஜாம் என்றால் அசையக் கூடாது

ஏழு வயதுப் பிள்ளையை ஐந்து நாள் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, குனியக் கூடாது. விழுந்து விழுந்து சிரிக்கக் கூடாது, தேம்பி அழவும் கூடாது. இருமலும் தும்மலும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தைக் கிட்டே வைத்துப் படிக்கக் கூடாது, ஹேன்போன் விளையாட்டு அறவே கூடாது. தூங்கும்போதுகூடத் தலை உயரத்தில் இருக்க வேண்டும். பிள்ளையின் அம்மா என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பிள்ளை எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்ச் சோற்றுக்கும் நடுவில் சோபாவில் ஏறிக் குதித்துவிட்டு வருகிற பிள்ளை அது.

ஜோகூர்ப் பக்கம் பாசிர் கூடாங்கில், எங்கள் வரிசையிலேயே, மூன்று வீடு தள்ளி அவர்கள் வீடு. அம்மாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலத்தைத் தாண்டிப் போவாள், இருட்டிய பிறகு வருவாள். அப்பாவுக்கு இங்கேயே தொழிற்சாலையில் ஷிப்ட். பள்ளி விட்டதும் பிள்ளை என்னிடம் வந்துவிடும். பிள்ளை பார்க்கிறவளை எங்கள் பக்கத்தில் ஆயா என்பார்கள். தாயும் தகப்பனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தகப்பனும் மகளும் வீட்டுக்கு முன்னால் ரோட்டில் பேட்மிண்டன் விளையாடினார்கள். தகப்பன் ஓங்கி அடித்த இறகுப் பந்து பிள்ளையின் இடது கண்ணில் பட்டது. வெளியே காயம் ஒன்றும் இல்லை. கண்ணுக்குள்ளே ரத்தம் இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னாராம், உள்ளே நிற்கிற ரத்தம் தானாகவே வடிந்துவிடும், ஆனால் இந்த ஐந்து நாளைக்குள் மறுபடியும் கசிந்தால் பார்வை போனாலும் போய்விடும் என்று.

"நான் லீவு கேட்டேன் ஆயா. நாளைக்கு ஒரு நாள்தான் குடுத்தாங்க. செவ்வாயிலேர்ந்து நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். அவளுக்குப் பின்னால் தகப்பன் நின்றுகொண்டிருந்தான். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைக்குத் தலையணைகள் அடுக்கிச் சாய்வாகப் படுக்கை போட்டிருந்தது அவர்கள் வீட்டு முன்னறையில். அதனால் நான்தான் அங்கே போக வேண்டும். எனக்கு அடுத்தவர் வீடு என்றால் கூச்சம். அவர்கள் வீட்டுத் தட்டை எடுக்கக் கூசி, என் சோற்றை என் டிபனிலேயே கொண்டுபோனேன். தண்ணீர் குடிக்கக்கூட அவர்கள் பிரிட்ஜைத் திறக்க மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை இருட்டோடு நான் போனபோது, அம்மா மோட்டாருக்குக் கிளம்பி நின்றாள். பிள்ளையின் கண்மேல் துளை துளையாக இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி மருந்து விட்டாள். விட்டுவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"பாத்துக்குங்க ஆயா. இந்தச் சிவப்புக் கோடு மேல ஏறக் கூடாது. மத்தியானமும் சாயந்திரமும் மருந்து விடுறப்ப பாருங்க. ஏறுனா உடனே இவ அப்பாவுக்கு போன் போடுங்க."

பார்த்தேன். கண்ணின் கறுப்பு வட்டத்துக்குள்ளே அடியில் சிவப்பாக நின்றது. கடையில் பண்டோங் பால் வாங்கினால், கலக்குவதற்கு முன்னால் கிளாசின் அடியில் ரோஸ் சிரப் தனியாக நிற்குமே, அதுபோல. கிளாசை ஆட்டினால் என்ன ஆகும்?

முதலில் கதை சொல்லிப் பார்த்தேன். எனக்குக் கதை வராது. முன்பு எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்குள் குரங்கு புகுந்து கஞ்சிச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டதைச் சொன்னேன். பிள்ளை சிரித்துச் சிரித்துத் தலையணையிலிருந்து சரிந்தது. நான் பாய்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். கதை அங்கேயே நின்றுவிட்டது.

"அப்புறம் கொரங்கு என்னா செஞ்சிச்சு?"

"தூங்கிருச்சு."

"சட்டிய மாட்டிக்கிட்டா?"

"ஆமா."

"பொய் சொல்றீங்க."

பிறகு படம் வரையலாம் என்றேன். மடியில் தாளை வைத்தால் தலை குனிகிறது. நானே தாளைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றேன். தாள் நழுவ, கோடு வளைந்தது. பிள்ளை பென்சிலை வீசிவிட்டது. உதடு பிதுங்க ஆரம்பித்தது. "அழாதடா கண்ணு" என்றேன். அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் அழுகை கூடத்தான் செய்யும். தொண்டைக்குள் கேவல் ஏறுவது எனக்குக் கேட்டது.

நான் அடுப்படிக்கு ஓடினேன். கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். ஆட்டா மாவு கண்ணில் பட்டது. ஒரு பிடி அள்ளி, உப்பும் எண்ணெயும் போட்டு, பிசைந்தும் பிசையாமலும் கொண்டுவந்து பிள்ளையின் கையில் திணித்தேன்.

"ரெண்டு கண்ணையும் மூடிக்க. கை மட்டும் செய்யட்டும். என்னா செஞ்சேன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

கேவல் நின்றது. கை மாவை அமுக்கிப் பார்த்தது, உருட்டியது, கிள்ளியது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலை தலையணையிலேயே சாய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை என்னிடம் நீட்டியது, இரண்டு பக்கமும் காது வைத்த ஓர் உருண்டை.

"மொயலு."

"இல்ல."

"பூனையா?"

"இல்லலா ஆயா. இது அப்பா. வேலைக்குப் போறப்ப காதுல மாட்டிக்குவாங்கல்ல, சத்தம் கேக்காம, அது."

பிள்ளை அந்த மாவு அப்பாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "இப்ப பேச மாட்டேங்குறாங்க. சத்தம் கேக்கலபோல" என்றது. இன்னொரு பிடி மாவு கொடுத்தேன்.

மத்தியானம் மருந்து விடும்போது பார்த்தேன். சிவப்பு ஏறவில்லை.

மறுநாள் நான் கொஞ்சம் தயாராகவே போனேன். மாவை நான்கைந்தாகப் பிரித்து வெவ்வேறு நிறத்தில் பிசைந்து வைத்திருந்தேன். ஒன்றில் மஞ்சள் தூள், ஒன்றில் சிரப், பச்சைக்குப் பண்டான் இலைச் சாறு. நீலத்துக்கு எங்கள் வேலியில் பூக்கிற சங்குப்பூ. கறுப்புக்குச் சோயா கீச்சாப் ஊற்றினேன்; கறுப்பு வரவில்லை, காப்பி நிறம்தான் வந்தது, நாற்றமும் சேர்ந்து வந்தது. ஆனால் எதன்மேல் வைத்துச் செய்வது? மடியில் தட்டு வைத்தால் குனியும். அறை மூலையில் துணி தேய்க்கிற பலகை சாய்த்து வைத்திருந்தது. அதன் காலை விரித்து, உயரத்தை ஏற்றி, கட்டிலுக்குக் குறுக்கே பிள்ளையின் நெஞ்சுக்கு நேராகத் தள்ளி வைத்தேன். பலகைமேல் ஒரு பிளாஸ்டிக் தாள். குனிய வேண்டிய அவசியமே இல்லை.

பலகை நீளமாக இருந்ததால் பிள்ளை அதைப் பாலமாக்கிவிட்டது. சிங்கப்பூருக்குப் போகிற பாலம். ஒரு முனையில் எங்கள் வரிசை வீடுகள், மறு முனையில் அம்மா வேலை செய்கிற இடம். நடுவில் மஞ்சளிலும் பச்சையிலும் காரும் பஸ்ஸும். ஓரத்தில் பொடிப்பொடியாக மோட்டார்கள், எறும்பு வரிசை போல.

"அம்மா எங்க?"

பிள்ளை ஒரு சிவப்புப் பொடியைக் காட்டியது. "அங்கதான். ஜாம்ல மாட்டிக்கிட்டாங்க."

அப்போதுதான் அந்த விளையாட்டை அதுவே உண்டாக்கியது. யாராவது "ஜாம்" என்று சொன்னால் எல்லாரும் இருக்கிறபடியே நின்றுவிட வேண்டும். கை மாவில் இருந்தால் மாவில், தூக்கி இருந்தால் தூக்கினபடி. "க்ளியர்" என்று சொல்கிற வரைக்கும் அசையக் கூடாது. இன்னொரு சட்டமும் சொன்னது.

"லோரி வருதுன்னா மூக்க மூடிக்கணும். மூச்சு விடவே கூடாது. அம்மா மோட்டார்ல என்னைய கூட்டிட்டுப் போனாங்கல்ல, அப்ப அப்படித்தான் சொன்னாங்க. லோரி பொகை கறுப்பா வரும். லோரி போச்சுன்னு சொன்னாதான் விடணும்."

"எனக்கு மூச்சு அவ்ளோ நேரம் நிக்காது."

"பழகணும் ஆயா."

அன்று முழுவதும் பழகினோம். என்னைத்தான் அது அதிகம் மாட்டிவிட்டது. நான் தண்ணீர் குடிக்கப் போகும்போது ஜாம். சேலையை இழுத்துச் சொருகும்போது ஜாம். நான் சிலையாக நிற்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அதுவே தோற்றுவிடும் என்பதால், உதட்டை மடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தது. பிள்ளையை அசையாமல் வைக்க நான் பட்ட பாட்டுக்கு, பிள்ளையே ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. சாயந்திரம் மருந்து விடும்போது சிவப்புக் கோடு கொஞ்சம் இறங்கியிருந்ததுபோல் தெரிந்தது. ஆசையில் அப்படித் தெரிகிறதோ என்றும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பாலத்தில் மாவால் டோல் சாவடி கட்டிக்கொண்டிருந்த பிள்ளை, கையை நிறுத்தாமல் கேட்டது.

"என் கண்ணு போயிடுமா ஆயா?"

போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அது எப்படித் தெரியும்? ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். டாக்டரே அப்படிச் சொல்லவில்லையே.

"அதுக்குத்தான் ஜாம்ல நிக்கிறோம்" என்றேன். அது அந்தப் பதிலை நம்பியதா இல்லையா தெரியாது. டோலைக் கட்டி முடித்தது.

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி. இந்த ஒரு பகலைத் தாண்டிவிட்டால் போதும் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது, பத்து மணி வாக்கில் ஒரு கார் வந்து நின்றது. பிள்ளையின் அத்தை இறங்கினார். தகப்பனுக்கு மூத்தவர், ரெங்கம் என்ற ஊரிலிருந்து வந்திருந்தார். மகன் அவரை இறக்கிவிட்டு, ஐந்தாறு பைகளையும் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

நல்ல மனுஷி. சத்தமான மனுஷி. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"எங்க என் மருமவ? அலமாக்! கடற்கொள்ளைக்காரி மாதிரில ஒத்தக் கண்ணோட உக்காந்திருக்கா. கப்பல் எங்கடி?"

பிள்ளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது. நான் அவசரமாக, "ஜாம்" என்றேன். பிள்ளை அப்படியே நின்றது.

அத்தை என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னா ஆயா இது, பிள்ளைய பொம்மை மாதிரி உக்கார வெச்சிருக்கீங்க?"

மெதுவாக, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். என் குரல் எப்போதும் சின்னக் குரல்தான். அத்தை பாதி கேட்டார். மீதி நேரம் பையிலிருந்து பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இடியப்பம், கோழிக் குழம்பு, ரம்புத்தான். கடைசியில் ஒரு பொட்டலம். அதைப் பிரித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. காய்ந்த மிளகாய், கல்லுப்பு, கடுகு, முச்சந்தி மண்.

"பொறந்த நாளைக்கு இவ அம்மா போன்ல படம் போட்டாள்ல, பேட்மிண்டன் மட்டையோட. எத்தன பேரு பாத்தான், எத்தன பேரு வாயப் பொளந்தான். சரியா ஒரு வாரம். மட்டையாலேயே அடி. இதுக்கு டாக்டரு என்னா செய்வாரு? வெள்ளிக்கிழம, பொழுது சாயயில சுத்திப் போட்டுட்டா எல்லாம் எறங்கிடும்."

சுத்திப் போடுவதில் எனக்கு ஒன்றும் இல்லை. என் பிள்ளைகளுக்கு நானும் சுத்திப் போட்டிருக்கிறேன். ஆனால் சுத்திய மிளகாயை அடுப்பில் போட்டுச் சுடுவார்களே, அந்த நெடி ஒரு வீட்டையே இருமவைக்கும்.

"இருமக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

"கண்ணு பட்டிருந்தா நெடியே வராது ஆயா. உங்களுக்குத் தெரியாததா? நெடி வந்தா கண்ணு இல்லன்னு அர்த்தம். உடனே நிறுத்திடுறேன்."

நெடி வந்த பிறகு நிறுத்தி என்ன ஆகப் போகிறது? இதை வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வரவில்லை. அவர் ரத்த உறவு. நான் பிள்ளை பார்க்க வந்தவள். அம்மாவுக்குப் போன் செய்து பார்த்தேன். வேலை இடத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள், எடுக்கவில்லை. தகப்பனுக்குச் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அத்தை குளிக்கப் போன நேரத்தில் அந்தப் பொட்டலத்தை எடுத்து என் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து தேடினார். கிடைக்கவில்லை. "வயசாச்சு, எங்க வெச்சேன்னே தெரியல" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய், மேல் தட்டிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு கை மிளகாயை அள்ளினார். தமிழர் வீட்டில் மிளகாயை ஒளித்து என்ன பயன்?

சாயந்திரம் நான்கு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்து, மழை அடித்துக் கொட்டியது. எல்லா ஜன்னலையும் சாத்தினோம். பிள்ளை பாலத்துக்கு மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரத்துக்கு அத்தை வந்தார். பிள்ளையைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தார். மிளகாயும் உப்பும் பிடித்த கையை மூன்று தடவை இந்தப் பக்கம், மூன்று தடவை அந்தப் பக்கம் சுற்றினார்.

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, போன்ல பாத்த கண்ணு, போன்ல பாக்காத கண்ணு. துப்புடி செல்லம்."

"மெல்லத் துப்பு" என்றேன் நான். பிள்ளை துப்பினது போலப் பாவனை செய்தது.

அவர் அடுப்படிக்குத் திரும்ப, நான் பின்னாலேயே போனேன். என் வாழ்நாளில் யார் பின்னாலும் அப்படிப் போனதில்லை.

"பின்பக்கம் வெளிய வெச்சு சுடலாமேங்க."

"மழைல எப்படிச் சுடுறது?"

"உப்பக் கரைச்சு ஊத்திட்டா போதாதா? சுடாம விட்டுருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

அத்தை இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காலையிலிருந்து நான் கேட்ட குரல் இல்லை அது.

"கண்ணு இல்லன்னா வேற என்னா ஆயா? சொல்லுங்க. யாரு கை? அவன் சாப்பிட்டு எத்தன நாளாச்சு தெரியுமா? போன்ல பேசுனா மூச்சுதான் கேக்குது. பேச்சே இல்ல. சின்னதுலேர்ந்து நான் தூக்கி வளத்தவன். அவன் கை இல்ல, ஊரு கண்ணுன்னு நான் அவன்கிட்ட சொல்லணும். சும்மா சொன்னா நம்புவானா?"

அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

நான் அறைக்கு ஓடிவந்து கதவைச் சாத்தினேன். துண்டை நனைத்துக் கதவின் அடியில் அடைத்தேன். இன்னொரு துண்டை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பிள்ளையைத் தோளோடு அணைத்து, தலை ஆடாமல், ஜன்னல் பக்கம் நகர்த்தி உட்கார வைத்தேன். கண்ணாடிச் சட்டங்களைத் திறந்தேன். சாரல் எங்கள் இரண்டு பேர் மேலும் அடித்தது.

"ஏன் ஆயா?"

சொல்வதற்குள் வந்துவிட்டது. மூக்கின் உள்ளே ஊசி குத்துவது போல முதல் நெடி. பிள்ளையின் மூக்கு சுருங்கியது. நெஞ்சு மேலே ஏறியது. இருமலுக்கு முன்னால் ஏறுகிற அந்த ஏற்றம்.

"ஜாம்" என்றேன். "லோரி வருது."

பிள்ளை சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டது. வாயை இறுக மூடியது. மூடாத வலது கண் என்னைப் பார்த்தது. விளையாட்டு இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் விளையாட்டின் சட்டத்தை அது மீறவில்லை. நான் ஈரத் துண்டை மூக்குக்கும் வாய்க்கும் மேலே வைத்தேன்.

என் தொண்டை எரிந்தது. நான் இருமினால் பிள்ளையும் இருமிவிடும். எச்சிலை விழுங்கி விழுங்கி நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிள்ளையின் முகம் சிவந்துகொண்டே வந்தது. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்? ஜன்னலை ஒட்டி முகத்தைத் திருப்பினேன்.

"லோரி போச்சு. துண்டு வழியா மெல்ல விடு. மெல்ல. இப்ப இழு."

மழைக் காற்று உள்ளே வந்தது. பிள்ளை இழுத்தது. மறுபடியும் நெடி.

"இன்னொரு லோரி."

மூக்கைப் பிடித்துக்கொண்டது. இப்படி லோரி மேல் லோரியாகப் போனது. அந்தப் பாலத்தில் இவ்வளவு லோரி நான் நினைத்துப் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. சட்டி சிணுங்குவது நின்றது. மழை மட்டும் கேட்டது. நெடி மெல்ல மெல்லக் குறைந்தது.

"க்ளியர்" என்றேன். பிள்ளை மூச்சு விட்டது. இருமவில்லை.

கதவைத் திறந்து அத்தை நின்றார். முகம் வீங்கினாற்போல் சிவந்திருந்தது. கண் இரண்டும் ரத்தமாக இருந்தன. தொண்டைக்குள் எதையோ அடக்கி வைத்திருப்பது கழுத்தில் தெரிந்தது. ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வந்தது.

"பாத்தீங்களா ஆயா. நெடியே. இல்ல."

நான் அவரைப் பார்த்தேன்.

"இல்லைங்க" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று பின்கதவுக்குப் போனார். கதவு திறந்தது, சாத்தியது. பிறகு மழைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. நிற்காமல் கேட்டது.

"அத்தை ஏன் இருமுறாங்க?"

"மழையில நனஞ்சிட்டாங்க."

மருந்து விடுகிற நேரம் ஆகியிருந்தது. சோப்பு போட்டுக் கையை இரண்டு தடவை கழுவினேன். மூடியைத் தூக்கினேன். முதலில் பார்க்க முடியவில்லை. நானே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தேன். சிவப்புக் கோடு இருந்த இடத்திலேயே, அடியில், மெல்லிசாக நின்றது. ஏறவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன். ஏறவில்லை.

ஏழு மணிக்குத் தகப்பன் வந்தான். உள்ளே கால் வைத்ததும் மூக்கை உறிஞ்சினான், அக்காவைப் பார்த்தான், முகம் மாறியது. "என்னா செஞ்சீங்க?"

"சுத்திப் போட்டேன்டா. கண்ணுதான். நெடியே வரல. நம்பலன்னா ஆயாவக் கேளு."

அவன் என்னைப் பார்த்தான். ஆம்பளைகளிடம் நின்று பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவனிடம் அதுவரை நான் பேசியதெல்லாம் 'பிள்ளை சாப்பிட்டுச்சு', 'பிள்ளை தூங்குது' அவ்வளவுதான். அக்கா அவனுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை இருமவே இல்ல தம்பி" என்றேன். அது உண்மை.

அவன் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தான். பிள்ளை காது வைத்த உருண்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தது. "கண்ண மூடிக்கிட்டு தடவிப் பாருங்க. யாருன்னு சொல்லுங்க." அவன் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான். அத்தை இடியப்பத்தைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் அவன் சாப்பிட ஆரம்பித்தான். நான் டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மிளகாய்ப் பொட்டலம் பைக்குள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை அவர்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் அத்தையும் வீட்டில் இருந்தோம். அவருக்கு உட்கார முடியவில்லை. கூட்டின வீட்டையே மறுபடியும் கூட்டினார். பிறகு பலகைக்கு முன்னால் வந்து நின்று மாவுக் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவு காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது.

"நேத்து நெடி வந்துச்சா ஆயா? உண்மையச் சொல்லுங்க."

"பிள்ளை இருமல."

"நான் அதக் கேக்கல."

நான் பலகையில் உதிர்ந்த மாவை ஒதுக்கினேன்.

"எனக்கு நெஞ்சே வெந்து போச்சு" என்றார்.

"தெரியும்ங்க."

வெளியே மோட்டார் ஒன்று போனது. இரண்டு பேரும் காரோ என்று எட்டிப் பார்த்தோம். இல்லை.

"ரத்தம் கசிஞ்சிருந்தா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல் கேட்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை. "அவன் சாப்பிட்டான். அத மட்டும்தான் நெனச்சேன் நான்."

நான் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வயசாகல எனக்கு அப்ப" என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது. அம்மாதான் முதலில் இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்டை அகலத் திறந்தேன். ரத்தம் வடிந்துவிட்டது, கோடு தெரியவில்லை, கண்ணின் அழுத்தமும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நடக்கலாம். ஓடவும் குதிக்கவும் இன்னும் சில வாரம் ஆகும். கண்ணை வருடா வருடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

அம்மா இதைச் சொல்லி முடிக்கவில்லை. கார்க் கதவு திறந்தது. ஐந்து நாள் கட்டிலில் இருந்த பிள்ளை, கால் தரையில் பட்டதும் தன் பழைய குணத்துக்குப் போய்விட்டது. அத்தை வாசலில் நிற்பதைப் பார்த்து ஓட ஒரு காலை எடுத்தது. தகப்பன் கையை நீட்டினான், எட்டவில்லை. அம்மா பேரைச் சொல்லிக் கத்தினாள். கத்தினது அதன் காதில் ஏறினதாகத் தெரியவில்லை.

"ஜாம்" என்றேன்.

என் சின்னக் குரலில்தான் சொன்னேன். பிள்ளை ஒற்றைக் காலைத் தூக்கினபடி நின்றது. தகப்பன் நீட்டின கையோடு நின்றான். அம்மாவும் வாய் திறந்தபடி நின்றுவிட்டாள். வாசலில் அத்தை, மிளகாய்ப் பொட்டலம் கையில் இருக்க, இமைகூட அசைக்கவில்லை.

நான் அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். என் சொல்லுக்காக யாரும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"ஆயா" என்றது பிள்ளை, உதட்டை அசைக்காமல். "கால் வலிக்குது லா. க்ளியர் சொல்லுங்க."

"நடந்து போவியா?"

"நடந்துதான் போவேன்."

"க்ளியர்" என்றேன்.